அப்பாரு பேரே பேரனுக்கும்: கொங்கு நாட்டில் வம்சாவளி தேடுகிறவர்களுக்கு

கொங்குப் பக்கம் குடும்ப வரலாறு தேடக் கிளம்புகிறவர்கள் எடுத்தவுடன் கூட்டத்தின் (குலப் பிரிவின்) வரலாற்றில்தான் போய் நிற்கிறார்கள். காடை, ஆந்தை, பயிரன், ஓதாளன், தூரன் என்று கூட்டத்தின் பேரைச் சொன்னால் போதும். கொங்கின் 24 நாடு, காணியூர் (கூட்டத்தின் பூர்வீக ஊர்), பட்டயம், கல்வெட்டு என்று பேசி யாராவது சோழர் காலம் வரைக்கும் ஏற்றிவிட்டுவிடுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் அப்பாருக்கு (அப்பாவின் அப்பாவுக்கு) அப்பாரு எந்தத் தோட்டத்தில் பண்ணையம் பார்த்தார், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் யார் எந்த ஊருக்குப் போனார்கள் என்பதற்கு அதில் ஒரு வரி கிடைக்காது. கூட்டத்தின் கதையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். தேடல் உங்களிடமிருந்து தொடங்கி ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போகவேண்டும். ஒரு தலைமுறையை உறுதிசெய்யாமல் அதற்கு முந்தியதைத் தொடக்கூடாது.

இந்தக் கறாருக்குக் காரணம் இங்கே பேர் வைக்கிற முறை. மூத்த பையனுக்கு அப்பாரு பேரை வைப்பது நெடுநாள் வழக்கம். அண்ணன் தம்பி மூன்று பேர் இருந்தால் மூன்று வீட்டு மூத்த பையனுக்கும் ஒரே பேர் விழும். ஒரே ஊரில், ஒரே வயதில், பங்காளிகளுக்குள்ளேயே மூன்று பழனிசாமி இருப்பார்கள். தகப்பன் பேரை வைத்துப் பிரித்துவிடலாம் என்றால் அதுவும் எல்லா நேரமும் உதவாது. ராமசாமி மகன் பழனிசாமி, பழனிசாமி மகன் ராமசாமி என்று மாறி மாறி வரும் வீட்டில், 1912-ல் நிலம் வாங்கியவரும் பழனிசாமி மகன் ராமசாமி, 1961-ல் அதை விற்றவரும் பழனிசாமி மகன் ராமசாமி. இருவரையும் ஒருவராக எடுத்துக்கொண்டால் நடுவிலிருக்கும் ஒரு தலைமுறையே காணாமல் போய்விடும். ஒரே பேரில் வரும் இரண்டு ஆவணங்களுக்கு நடுவே 40 வருடத்துக்கு மேல் இடைவெளி இருந்தால், இரண்டு ஆட்கள் என்றே வைத்துக்கொண்டு, ஒருவர்தான் என்பதற்கு ஆதாரம் தேடுங்கள்.

எனவே ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு தனித் தாள் எடுத்து, தலையில் நான்கு விவரம் எழுதவேண்டும்: ஊர், தோட்டம் அல்லது சாளை (தோட்டத்து வீடு), தகப்பன் பேர், பெண் எடுத்த ஊர். நான்காவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். மேலே சொன்ன இரண்டு ராமசாமிகளையும் பிரித்துக் காட்டுவது அவர்களுடைய மனைவிமாரின் பிறந்த ஊர்தான். ஊர்ப் பேருக்குப் பக்கத்தில் தாலுகாவையும் எழுதிவிடுங்கள். புதுப்பாளையம், காளிபாளையம் என்றால் கொங்கில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணி மாளாது.

வயசானவர்களிடம் கேட்பது

காகிதம் காத்திருக்கும், ஆள் காத்திருக்கமாட்டார். எனவே முதல் வேலை, வீட்டில் மூத்தவர்களின் குரலைப் பதிவுசெய்வது. அதிலும் ஆத்தா (அப்பாவின் அம்மா), அம்மிச்சி (அம்மாவின் அம்மா), அத்தை இவர்களிடம் முதலில் போங்கள். ஆண்கள் நிலத்தையும் வழக்கையும் சொல்வார்கள். யாருக்கு யாரைக் கட்டினது, எந்தக் குழந்தை தப்பவில்லை, எந்த வீட்டோடு போக்குவரத்து நின்றது என்பதெல்லாம் பெண்களுக்குத்தான் தெரியும்.

போன் இருந்தால் போதும். பேசுகிறவரிடமிருந்து ஒரு முழத் தூரத்தில், மடித்த துண்டின் மேல் வையுங்கள். வெறும் மேஜையில் வைத்தால் டம்ளர் வைக்கிற சத்தம்கூட இடி மாதிரி விழும். மின்விசிறியை நிறுத்தவேண்டும், போனை விமானப் பயன்முறையில் போடவேண்டும். தொடங்கும்போதே தேதி, இடம், பேசுகிறவர் பேர் மூன்றையும் உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் போகவேண்டாம், அதற்குப் பிறகு களைப்பில் எல்லாவற்றுக்கும் ‘ஆமா’ என்றே பதில் வரும். அண்ணன் தம்பிகளை ஒன்றாக உட்கார வைத்தால் பெரியவர் சொன்னதையே மற்றவர்கள் ஒத்துக்கொள்வார்கள். முதலில் தனித்தனியே கேளுங்கள். முரண்பாடு வந்தால் பிறகு ஒன்றாகச் சேர்த்துக் கேட்கலாம்.

‘எந்த வருசம்?’ என்று கேட்டால் பதில் வராது, வந்தாலும் நம்பமுடியாது. எல்லோருக்கும் தெரிந்த ஒரு சம்பவத்தைப் பிடித்து முன்னா பின்னா என்று கேட்கவேண்டும். ‘ஏனுங்காத்தா, உங்க கண்ணாலம் பவானிசாகர் அணை கட்டறதுக்கு மிந்தியா, பொறகாலயா?’ என்றால் உடனே பதில் வரும். மேட்டூர் அணை 1934, காந்தி சுடப்பட்டது 1948, பவானிசாகர் அணைக் கட்டுமானம் 1948-லிருந்து 1955 வரை, நயா பைசா வந்தது 1957, இந்தி எதிர்ப்புப் போராட்டம் 1965, அண்ணா ஜெயித்த தேர்தல் 1967. இப்படி ஒரு சம்பவப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டால் எந்தக் கல்யாணத்தையும் நான்கைந்து வருடத்துக்குள் அடைத்துவிடலாம். இதற்கு முந்திய தலைமுறைக்குத் தாது வருஷப் பஞ்சம் இருக்கிறது: 1876-78. ‘பஞ்சத்துல வந்த குடி’ என்று ஒரு வீட்டைச் சொன்னால் அந்தக் காலத்தைத்தான் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு தேடலாம்.

போனவுடன் பத்திரத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். பாகத்துக்கு வழி பார்க்கிறான் என்று பேச்சு கிளம்பினால் அந்த வீட்டுக் கதவு அதோடு சரி. அசல் எதையும் வெளியே எடுத்துப்போகமாட்டோம், அவர்கள் கண் முன்னாலேயே போட்டோ எடுத்துக்கொள்கிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

வீட்டுக்குள்ளேயே இருக்கும் காகிதம்

அரசு அலுவலகப் படி ஏறுவதற்கு முன் பீரோவையும் அட்டாலியையும் (பரணையும்) பாருங்கள். நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பது மொய் நோட்டை. பழைய மொய் நோட்டு ஒன்று கிடைத்தால், அந்த வருடம் அந்தக் குடும்பத்தோடு கொடுக்கல் வாங்கல் இருந்த அத்தனை வீடும் ஊர், தோட்டம், பேர், தொகையோடு ஒரே இடத்தில் இருக்கும். ‘கீழ்பவானி ஓரம் மேக்காட்டுத் தோட்டம், பெரிய மாப்பிள்ளை’ என்பது மாதிரி ஒரு வரி, எந்தப் பத்திரத்திலும் வராத ஒரு மகளைக் காட்டிக் கொடுக்கும். தொகையையும் கவனியுங்கள். சுற்றி எல்லோரும் 2 ரூபாய், 5 ரூபாய் எழுதியிருக்க ஒருவர் 51 எழுதியிருந்தால் அவர் யார் என்று விசாரித்தே ஆகவேண்டும். அதே வீட்டின் அடுத்தடுத்த மொய் நோட்டுகளை அடுக்கிவைத்தால், எந்த வருடத்தில் தகப்பன் பேர் போய் மகன் பேர் வருகிறது என்பதும் தெரியும். இறப்புச் சான்றிதழ் இல்லாத இடத்தில் இது பெரிய உதவி.

அடுத்தது கல்யாணப் பத்திரிகையும் கருமாதிப் பத்திரிகையும். கருமாதிப் பத்திரிகையில் மகன்கள், மருமகள்கள், மகள்கள், மருமகன்கள், பேரன் பேத்திகள் என்று ஒரு முழுத் தலைமுறை வரிசையே அச்சில் இருக்கும். பேர் விட்டுப்போயிருந்தால் அச்சுப்பிழை என்று விடாதீர்கள். முந்திய தாரத்துக் குழந்தைகளும் சண்டை போட்டுப் பிரிந்தவர்களும் இப்படித்தான் விடுபடுவார்கள். மாட்டிவைத்த படங்களில் ‘தோற்றம், மறைவு’ இருக்கும். சட்டத்தைக் கழற்ற முடிந்தால் பின்பக்கமும் பாருங்கள், ஸ்டூடியோ முத்திரையும் பென்சில் குறிப்பும் இருக்கக்கூடும்.

பத்திரம்

பத்திரங்களில் வம்சாவளிக்கு முதலிடம் பாகப்பிரிவினைக்கு. பங்காளிகள் எல்லோர் பேரும் தகப்பன் பேர், பெரும்பாலும் வயசோடு, ஒரே காகிதத்தில் வரும். மைனர்கள் இருந்தால் கார்டியனாகத் தாயார் பேரும் வரும். கிரயப் பத்திரத்தில் ‘எனக்குப் பிதுரார்ஜிதமாகப் பாத்தியப்பட்ட’ என்று இருந்தால் நிலம் தகப்பன் வழியில் வந்தது. ‘சுயார்ஜிதம்’ என்றிருந்தால் அவரே வாங்கியது, அப்படியானால் அதற்கு முந்தைய மூலப் பத்திரம் ஒன்று எங்கோ இருக்கிறது. நான்கெல்லை விவரத்தை வரி விடாமல் படியுங்கள். வடக்கில் ‘குமாரசாமி பூமி’, மேற்கில் ‘சென்னியப்பன் பாகம்’ என்று வந்தால், ‘பாகம்’ என்ற சொல் வருமிடத்தில் இருப்பவர் பெரும்பாலும் பங்காளி.

பலரும் முன்பக்கத்தைப் படித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். முத்திரைத் தாளின் பின்பக்கத்தில்தான் சார்பதிவாளர் எழுதிய குறிப்பு இருக்கும்: தாக்கல் செய்தவர் யார், எழுதிக் கொடுத்ததாக ஒப்புக்கொண்டவர் யார், அவரை இன்னார்தான் என்று நிரூபித்த இருவர் யார், அவர்களுடைய தகப்பன் பேர், ஊர், எழுதிக் கொடுத்தவரின் இடது பெருவிரல் ரேகை. நிரூபிக்க வந்த இருவரும் முன்பின் தெரியாதவர்களாக இருப்பது அபூர்வம். மச்சானோ, பங்காளியோ, பக்கத்துத் தோட்டத்தாரோதான் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு கூட வந்திருப்பார். முத்திரைத் தாள் விற்றவர் எழுதிய வரியில் வாங்கியவர் பேரும் ஊரும் தேதியும் இருக்கும். அந்தத் தேதியும் பதிவுத் தேதியும் வேறாக இருக்கக்கூடும், குறித்துக்கொள்ளும்போது இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

அசல் வீட்டில் இல்லையென்றால் வில்லங்கச் சான்று போடவேண்டும். கிராமம், சர்வே எண், காலம் மூன்றும் தேவை. 1975-க்குப் பிந்தையதைப் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். அதற்கு முந்தியது இணையத்தில் இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துக் கையால் தேட வைக்கவேண்டும். அங்கே பேர் வாரியாக ஓர் அட்டவணையும் சொத்து வாரியாக ஓர் அட்டவணையும் உண்டு. சர்வே எண் தெரியாதவர்கள் பேர் அட்டவணையைக் கேட்கலாம், ஆனால் பழனிசாமிகளின் கூட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். கிடைக்கும் ஆவண எண், வருடம் இரண்டையும் வைத்து நகல் மனு போட்டால் முழுப் பத்திரமும் வரும். அசையாச் சொத்துப் பதிவான 1-ம் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உயில் பதியும் 3-ம் புத்தகத்திலிருந்து, எழுதியவர் இறந்த பிறகே மற்றவர்களுக்கு நகல் கிடைக்கும்.

தேடியும் ‘இல்லை’ என்று வந்தால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஒன்று, சர்வே எண் மாறியிருக்கும். மறு அளவையிலும், 1980-களில் நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டிலும் எண்கள் மாறின, உட்பிரிவு ஆயின. இன்றைய சர்வே எண்ணை வைத்து 1930-ஐத் தேடினால் ஒன்றும் அகப்படாது. கிராமத்து நிலங்களின் ‘அ’ பதிவேட்டில் பழைய எண்ணைப் பார்த்துக்கொண்டு போகவேண்டும். இரண்டாவது, எல்லை மாறியிருக்கும். காங்கேயம் பக்கத்து ஊர்கள் 1979 வரை கோயம்புத்தூர் ஜில்லா, பிறகு பெரியார் என்று தொடங்கி ஈரோடு என்று பேர் மாறிய மாவட்டம், 2009-லிருந்து திருப்பூர். கரூர் 1910 வரை கோயம்புத்தூரில் இருந்து திருச்சிக்குப் போய், 1995-ல் தனி மாவட்டமானது. நாமக்கல் 1997-ல் சேலத்திலிருந்து பிரிந்தது. கொள்ளேகாலம் 1956-ல் மைசூருக்கே போய்விட்டது. சார்பதிவாளர் அலுவலக எல்லைகள் இதைவிட அடிக்கடி மாறியவை. பழைய புத்தகம் பழைய அலுவலகத்திலேயே இருக்கலாம், எனவே அந்தக் கிராமம் முன்பு எதோடு இருந்தது என்பதை முதலில் கேளுங்கள். மாவட்ட அளவிலான பழைய வருவாய் ஆவணங்களுக்குச் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகம் இருக்கிறது, ஆனால் தாலுகாவும் கிராமமும் வருடமும் குறித்துக்கொள்ளாமல் அங்கே ரயில் ஏறுவது வீண்.

தேதியில் வழுக்குவது

பழைய பத்திரத்தில் எண்கள் தமிழ் எழுத்தில் வரும். ‘௲௯௱௰௨ ௵ ஜூன் ௴ ௨௰௩ ௳’ என்றால் 1912-ம் வருடம் ஜூன் மாதம் 23-ந் தேதி. ௵ வருடம், ௴ மாதம், ௳ தேதி, ௸ மேற்படி, ௹ ரூபாய். ௧, ௨, ௪, ௭, ௮ இவை க, உ, ச, எ, அ போலவே இருப்பதால் சொல்லின் பகுதி என்று படித்துவிடுவோம். அதிகம் தடுமாற வைப்பவை ௬, ௯ இரண்டும். கையெழுத்தில் பத்தின் இடத்தில் 6-ம் 9-ம் மாறினால் 30 வருடம் மாறிவிடும். அதே எழுத்தர் அதே பத்திரத்தில் வேறெங்காவது அந்த எண்ணை எழுத்திலும் எழுதியிருப்பார். தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுவது வழக்கம் என்பதால், அங்கே ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தேதிக்கு வாருங்கள். பழைய கையெழுத்தில் புள்ளி இருக்காது, ‘ர’வும் துணைக்காலும் ஒன்றுபோலத் தெரியும். இரண்டு பக்கத்தை நிதானமாகப் படித்து ஓர் ஆளின் கையெழுத்துப் பழகிவிட்டால் மிச்சம் தானாக வரும்.

ஜாதகத்திலும் சமாதிக் கல்லிலும் தமிழ் வருடம் இருக்கும். அது 60 வருடச் சுற்று. சார்வரி என்றால் 1900, 1960, 2020 மூன்றில் ஒன்று. கிழமையோ நட்சத்திரமோ கூட இருந்தால் பழைய பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டு எது என்று முடிவுசெய்யலாம். இன்னொரு கண்ணி: சார்வரி ஐப்பசி 1900-ல் விழும், அதே சார்வரியின் மாசி 1901-ல் விழும். மார்கழிப் பின்பாதியிலிருந்து பங்குனி வரை ஆங்கில வருடத்தில் ஒன்றைக் கூட்டவேண்டும். கந்தாய (நிலவரி) ரசீதிலும் அடங்கலிலும் (சாகுபடிக் கணக்கிலும்) இருப்பது பசலி என்ற வருவாய்த்துறை ஆண்டு. பசலியோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில வருடம் வரும். ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும். பசலி 1320 என்றால் 1910 ஜூலையிலிருந்து 1911 ஜூன் வரை.

பிறந்த தேதியைப் பொறுத்தவரை பள்ளிச் சான்றிதழை அப்படியே நம்பக்கூடாது. கையைத் தலைக்கு மேல் வளைத்துக் காதைத் தொடச் சொல்லிச் சேர்த்த காலத்தில், ஜூனில் ஐந்து வயது நிறைந்திருக்கும்படி வாத்தியாரே ஒரு தேதி போட்டுவிடுவார். ஒரு வகுப்பில் பாதிப் பேர் மே மாதத்தில் பிறந்திருப்பது இதனால்தான். பிறப்புப் பதிவேடு நம்பகமானது, ஆனால் தேடும் இடம் தவறிவிடும். தலைப்பிரசவம் அம்மா வீட்டில் என்பதால் மூத்த குழந்தையின் பதிவு தாயின் ஊரில்தான் இருக்கும். குழந்தையின் பேர் இருக்காது, ‘ஆண்’ அல்லது ‘பெண்’ என்றுதான் இருக்கும். தகப்பன் பேரை வைத்துத் தேடவேண்டும். 1980-ல் பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் ஒழிக்கப்படும் வரை இதை எழுதியவர்கள் மணியகாரரும் கணக்குப்பிள்ளையும். கிராமத்துப் பழைய பதிவேடுகள் பெரும்பாலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் சில வட்டாட்சியர் அலுவலகத்திலும் இருக்கின்றன.

நிலம் இல்லாத வீடுகள், பேர் இல்லாத பெண்கள்

மேலே சொன்னதெல்லாம் நிலம் இருந்தவர்களுக்கு. கொங்கில் பாதிக் குடும்பத்துக்கு மேல் பத்திரமே கிடையாது என்று நினைத்துக்கொண்டு வேலை செய்வதுதான் சரி. அவர்களுக்கு முதல் ஆவணம் ஊர்த் தொடக்கப் பள்ளியின் சேர்க்கை நீக்கல் பதிவேடு. தகப்பன் பேர், தொழில், எப்போது பள்ளியை விட்டு நின்றார் என்பதெல்லாம் அதில் இருக்கும். தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் மனு கொடுங்கள். கோயம்புத்தூர், திருப்பூர் மில்களில் வேலை பார்த்தவர்கள் வீட்டில் பி.எஃப். நாமினேஷன் நகல் இருந்தால் அது சின்ன வம்சாவளியேதான். வால்பாறை எஸ்டேட் குடும்பங்களுக்குச் செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவேடு), நெசவுக் குடும்பங்களுக்குக் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் பதிவேடு, கிறிஸ்தவர்களுக்குக் கருமத்தம்பட்டி போன்ற பழைய பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடு, முஸ்லிம்களுக்கு ஜமாத்தின் நிக்காஹ் பதிவேடு. 1892 அரசாணைப்படி ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் குடும்பத்துக்கு இருந்ததாகப் பேச்சு இருந்தால், பழைய ‘அ’ பதிவேட்டைப் பார்க்கத் தவறவேண்டாம்.

பெண்கள் விஷயத்தில் நிலமுள்ள வீடும் இல்லாத வீடும் ஒன்றுதான். 1989-ல் தமிழ்நாட்டில் சட்டம் திருந்தும் வரை பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமைப் பங்கு இல்லை, எனவே பாகப்பத்திரத்தில் அவள் பேர் வராது. நான்கு மகன்கள் மட்டும்தான், மகளே இல்லாத குடும்பம் என்று பத்திரத்தைப் பார்த்து எழுதிவிடாதீர்கள். மொய் நோட்டு, கருமாதிப் பத்திரிகை, பிந்தைய விடுதலைப் பத்திரம், வாரிசுச் சான்றிதழ் இவற்றில் தேடுங்கள். சொத்து வழக்கு நடந்த வீடாக இருந்தால் அதிர்ஷ்டம். பாக வழக்குகளின் பிராதில் (வழக்கு மனுவில்) வம்சாவளிப் பட்டியல் இணைப்பது வழக்கம், எதிர்த்தரப்பு அதை மறுத்து எழுதிய பதிலுரையில் விட்டுப்போனவர்கள் எல்லோரும் வந்துவிடுவார்கள். எந்த உறவினரும் இவ்வளவு நுணுக்கமாகச் சரிபார்த்துத் தரமாட்டார்.

குலதெய்வக் கோயிலில் கேட்கவேண்டியது தலைக்கட்டு வரிக் கணக்கு, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று வசூலித்த கணக்கு. கும்பாபிஷேகத்துக்குக் கும்பாபிஷேகம் வரி போட்டிருப்பார்கள். எந்த ஊரில் எத்தனை தலைக்கட்டு, யார் பேரில் வரி என்று இருக்கும். பிழைக்க வெளியூர் போன பங்காளிகளைக் கண்டுபிடிக்க இதைவிட நேரான வழி கிடையாது.

எழுதிவைப்பது

ஆளுக்கு ஒரு எண் கொடுங்கள். நீங்கள் 1, அப்பா 2, அம்மா 3. எந்த ஆளின் எண்ணையும் இரட்டித்தால் அவர் தகப்பன், அதோடு ஒன்றைச் சேர்த்தால் தாய்: அப்பாரு 4, ஆத்தா 5, அப்புச்சி 6, அம்மிச்சி 7. மேல்நோக்கிப் போக இது போதும். மாமன் மகளையும் அக்கா மகளையும் கட்டின வீடுகளில் ஒரே ஆளுக்கு இரண்டு எண் வரும். சின்ன எண்ணில் விவரத்தை எழுதி, பெரிய எண்ணில் ‘11-ஐப் பார்க்க’ என்று மட்டும் போடுங்கள். இரண்டு இடத்திலும் விவரம் எழுதினால் ஒன்றைத் திருத்தி மற்றதை மறப்பீர்கள். பங்காளிகள், மாமன் மச்சான் எல்லோரையும் சேர்க்க வேண்டுமென்றால் கிராம்ப்ஸ் மாதிரி இலவச மென்பொருள் வசதி, தமிழிலேயே பேர் எழுதலாம். அது குடும்பப் பேர் கேட்கும். தகப்பன் பேரை அங்கே போடாதீர்கள், தலைமுறைக்குத் தலைமுறை மாறி வரிசை சிதறிவிடும். கூட்டத்தின் பேரைப் போடுங்கள், அல்லது காலியாக விடுங்கள்.

ஒவ்வொரு விவரத்துக்கும் பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது என்று எழுதாவிட்டால் இரண்டு வருடத்தில் உங்களுக்கே சந்தேகம் வந்துவிடும். ஆவணம், செவிவழி, ஊகம் என்று மூன்று நிற மை வைத்துக்கொள்ளலாம். ஊகத்தை அழிக்கவேண்டாம், ஆனால் ஊகத்தின் மேல் அடுத்த தலைமுறையைக் கட்டக்கூடாது.

பழைய காகிதத்தை லேமினேஷன் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். இரண்டுமே சில வருடத்தில் பழுப்பேறி எழுத்தைத் தின்றுவிடும், பிறகு பிரிக்கவும் முடியாது. மடிப்பில் கிழிந்ததை அப்படியே விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், இரண்டு பக்கமும் படமெடுங்கள். ஓலையில் கீறிய எழுத்துத் தெரியவில்லையென்றால் கரி தடவத் துணியாமல், பக்கவாட்டில் டார்ச் அடித்து எடுத்தாலே பெரும்பாலும் படித்துவிடலாம். கோப்புப் பேரை ‘1938_கிரயம்_ஊர்_ஆள் எண்_பக்கம்01’ என்று வருடத்தில் தொடங்கினால் தானாகவே வரிசையில் நிற்கும். மூன்று பிரதி வேண்டும், அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கும் பங்காளி வீட்டில்.

உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதியையும் தாயார் பேரையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில்கூடப் போடவேண்டாம், வங்கிகள் கேட்கும் கேள்விக்கான பதில் அதுதான். இரண்டாம் தாரம், தத்து, ஓடிப்போனது, தற்கொலை போன்றவற்றை உங்கள் தாளில் உள்ளபடி எழுதுங்கள். அச்சடித்துக் கொடுக்கும் பிரதியில் அந்த வீட்டார் சம்மதித்ததை மட்டும் போடுங்கள். அச்சுக்கு முன் ஒவ்வொரு கிளைக்கும் அவர்கள் பக்கத்தை மட்டும் தனியே கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னால், ‘எங்க பெரியத்தை பேரு எங்கீங்க?’ என்று கட்டாயம் ஒரு போன் வரும். நோட்டும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும்.